அம்மாவின் சேற்றுப்புண் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது, சர்க்கரை இல்லை. கால் விரலிடுக்கில் சேற்றுப்புண். மருந்துக்கடைக் களிம்பு தடவினால் நாலு நாளில் அடங்குகிறது, பத்து நாளில் திரும்பி வருகிறது. முழங்காலுக்குக் கீழே சின்னக் கீறல் ஆறவே மூன்று வாரம் ஆயிற்று. வயதுதான் காரணமா?

பதில்: பாதி வயது, மீதி அநேகமாக அந்தக் களிம்பு.

மேல்தோலில் லாங்கர்ஹான்ஸ் செல்கள் என்ற காவல் செல்கள் உண்டு. நுழையும் கிருமியைப் பிடித்து, நோய் எதிர்ப்புச் செல்கள் கூடியிருக்கும் நிணநீர்க் கணுவுக்குக் கொண்டுபோய் அடையாளம் காட்டுவது அவற்றின் வேலை. வயது ஏற ஏற அவை குறைகின்றன. இருப்பவையும் மெல்லத்தான் நகர்கின்றன. இளமையில் சுமார் 28 நாளில் உதிர்ந்து புதுப்பிக்கும் மேல்தோல், முதுமையில் 40 நாளுக்கு மேலும் எடுத்துக்கொள்ளும். தோல் சீக்கிரம் உதிராவிட்டால், சேற்றுப்புண்ணை உண்டாக்கும் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்.

இனி அந்த ட்யூபைத் திருப்பி, பொடி எழுத்தைப் படியுங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று இருந்தால் ஸ்டீராய்டு கலந்தது. அரிப்பும் சிவப்பும் கிருமியோடு மல்லுக்கட்டும் செல்களால் வருபவை. ஏற்கெனவே தளர்ந்த அந்தக் காவலை ஸ்டீராய்டு தூங்கவைக்கிறது: அரிப்பு நிற்கும், பூஞ்சை வளரும். அந்த ட்யூபைத் தூக்கிப் போடுங்கள்.

குளோட்ரிமசோல் என்ற பூஞ்சை மருந்து 1 சதவீதம் மட்டும் உள்ள களிம்பைக் காலை, இரவு இரு வேளை, நான்கு வாரம் தடவுங்கள். அரிப்பு நின்றதும் பலர் விட்டுவிடுவார்கள். அங்கேதான் கோட்டை விடுவது. கழுவியபின் ஒவ்வொரு இடுக்கையும் பருத்தித் துணியால் ஒற்றி, ஈரம் போனபிறகே மருந்து. தேங்காய் எண்ணெய், மாய்ஸ்சரைசர் இரண்டும் இடுக்கில் வேண்டாம், தோல் ஊறிப்போகும். வறண்ட காலுக்கும் கைக்கும் மாய்ஸ்சரைசரைக் குளித்த ஈரம் காயும் முன் தடவலாம். சோப்பு அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகியவற்றுக்குப் போதும். சாதாரண சோப்பின் காரம் தோலின் அமிலக் காப்பைக் குலைக்கும்.

சர்க்கரை கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? ஒரு வருடம் தாண்டியிருந்தால் மூன்று மாதச் சராசரியை (HbA1c ரத்தச் சோதனை) பார்த்துவிடுங்கள். புண் ஆறத் தாமதமானால் காலின் ரத்த ஓட்டத்தையும் மருத்துவர் பார்க்கவேண்டும்.

விரலிடுக்கு வெடிப்பு வழியாகக் கிருமி ஏறிக் கால் சிவந்து, சுட்டு, வீங்கினால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். முதியவர்களுக்குக் காய்ச்சல் அடிக்காமலும் இருக்கலாம்.

நீங்கள் கேட்காத ஒன்று, அக்கி. உடம்பின் ஒரு பக்கம் மட்டும் பட்டையாக எரிச்சல், பிறகு கொப்புளம் என்றால், காவி குழைத்து அக்கி எழுதுவதில் நாளைக் கடத்தாதீர்கள். அக்கி வைரஸால் வருவது, வைரஸ் எதிர்ப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்குவதுதான் நல்லது. 50 வயதுக்கு மேல் தடுப்பூசி உண்டு: இரண்டு தவணை, இடைவெளி 2 முதல் 6 மாதம்.