உண்மையைச் சொன்ன பிள்ளைக்குத் தண்டனை கிடைக்கும்போது

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. எழுதி வரச் சொன்ன பாடத்தை யார் யார் எழுதவில்லை என்று ஆசிரியர் கேட்டபோது, இவன் மட்டும் எழுந்து நின்றிருக்கிறான். இடைவேளையில் அவசரமாக இன்னொருவரைப் பார்த்து எழுதிய பிள்ளைகள் பாராட்டுப் பெற்றார்கள்; இவனுக்குத் தண்டனை கிடைத்தது. "உண்மையைச் சொன்னதாலதானே அம்மா எனக்கு இப்படி ஆச்சு?" என்று கேட்கிறான். எங்கு பார்த்தாலும் ஏமாற்றுபவர்களே முன்னேறுகிறார்கள். நேர்மையாக வளர்த்தால் பிழைக்கத் தெரியாதவனாக, ஏமாளியாக ஆகிவிடுவானோ என்று பயமாக இருக்கிறது. நான் அவனுக்கு என்ன சொல்லிக் கொடுக்க வேண்டும்?

பதில்: முதலில் அவன் கேட்டதற்கு நேரான பதிலைச் சொல்லுங்கள். "ஆமாம், நீ உண்மையைச் சொன்னதால்தான் அன்று தண்டனை கிடைத்தது, மறைத்திருந்தால் தப்பித்திருப்பாய்" என்று நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். இதற்குத் தயங்கி, உண்மை பேசினால் என்றைக்கும் நல்லதே நடக்கும் என்றோ, பொய் சொன்னவர்கள் எப்படியும் மாட்டிக்கொள்வார்கள் என்றோ ஆறுதல் கூறினால், நேர்மையைப் பற்றி நாம் சொல்லிக் கொடுக்கும் பாடமே ஒரு பொய்யில் தொடங்கிவிடும். அந்த வயதுப் பிள்ளை, பெரியவர்கள் சொல்வதைத் தான் கண்ணால் கண்டதோடு ஒப்பிட்டுப் பார்க்கும். சொன்னது தவறு என்று தெரிந்ததும், அதோடு சேர்த்து நேர்மையையும் கைவிட்டுவிடும். உண்மை சொன்னதால் அவனுக்குக் கிடைத்தவை வேறு: எதையும் மறைத்து வைத்துக்கொண்டு அவன் பயப்பட வேண்டியதில்லை, நாளை அவன் இன்னொன்றைச் சொல்லும்போது நீங்கள் யாரிடமும் விசாரிக்காமல் நம்புவீர்கள். இவை மெதுவாக வரும் பலன்கள் என்பதையும், அன்றைய தண்டனையின் வலியை இவை உடனே போக்கிவிடாது என்பதையும் அவனிடம் மறைக்காமல் பேசலாம்.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். நேர்மையானவன் ஏமாளியாகிவிடுவான் என்று நாம் நினைப்பதற்குக் காரணம், இரண்டு தனித்தனிப் பழக்கங்களை ஒன்றாகக் கருதுவதுதான். தான் சொல்வதில் உண்மையாக இருப்பது ஒரு பழக்கம். பிறர் சொல்வதை எந்த அளவுக்கு நம்புவது என்று தீர்மானிப்பது இன்னொரு பழக்கம். முதலாவதை மட்டும் கற்றுக்கொடுத்து இரண்டாவதை விட்டுவிட்டால்தான் பிள்ளை ஏமாறுவான். ஆகவே ஒரு விளம்பரத்தைப் பார்க்கும்போதோ, பரிசு விழுந்திருப்பதாகக் கைப்பேசியில் ஒரு செய்தி வரும்போதோ, "இதை நாம் நம்பினால் யாருக்கு லாபம்? இது உண்மையா என்று எப்படிக் கண்டுபிடிக்கலாம்?" என்று அவனையே கேளுங்கள். இணைய விளையாட்டில் பழகும் ஒருவர் கடவுச்சொல்லையோ வீட்டு முகவரியையோ கேட்டால், "அதைச் சொல்ல மாட்டேன்" என்று மறுப்பது பொய்யாகாது என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள். கேட்பவர் எல்லாருக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதுதான் நேர்மை என்று தவறாகப் புரிந்துகொண்ட பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். சொல்ல மறுக்கும் உரிமை தங்களுக்கு உண்டு என்று தெரியும்போது, தப்பிப்பதற்காகப் பொய்யை நாட வேண்டிய தேவையே அவர்களுக்குக் குறைகிறது. ஆனால் பெரியவர் யாராவது "இதை உன் அம்மா அப்பாவிடம் சொல்லாதே" என்று கேட்டுக்கொண்டால், அந்த ரகசியத்தை மட்டும் காப்பாற்ற வேண்டியதில்லை, உடனே வந்து சொல்ல வேண்டும் என்பதை இதே பேச்சில் சேர்த்துவிடுங்கள்.

சமுதாயத்தில் பரவியிருக்கும் ஏமாற்று தனிமனிதரின் நேர்மையைப் பாதிக்குமா என்றால், பாதிக்கும். சைமன் கெஹ்டர், ஜோனதன் ஷுல்ட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 23 நாடுகளில் இளைஞர்களிடம் நடத்திய சோதனை 2016-இல் 'நேச்சர்' இதழில் வெளியானது. ஒவ்வொருவரும் தனிமையில் பகடையை இரண்டு முறை உருட்டி, முதலில் விழுந்த எண்ணை மட்டும் சொல்ல வேண்டும்; சொல்லும் எண்ணுக்கு ஏற்பப் பணம் கிடைக்கும்; உண்மையில் என்ன விழுந்தது என்பது வேறு யாருக்கும் தெரியாது. ஊழலும் வரி ஏய்ப்பும் அரசியல் முறைகேடும் அதிகமுள்ள நாடுகளில் சொல்லப்பட்ட எண்களும் அதிகமாக இருந்தன. ஆனால் அங்கும் பெரும்பாலோர் துணிந்து முழுப் பொய்யைச் சொல்லவில்லை என்பதையே எண்கள் காட்டின. இரண்டு முறை உருட்டியதில் எது பெரிதோ அதைச் சொல்வது போன்ற, மனச்சாட்சிக்குச் சமாதானம் சொல்லிக்கொள்ளக்கூடிய வளைப்புதான் பரவலாக இருந்தது. பெற்றோர் கவனிக்க வேண்டிய இடம் இதுதான் என்பது என் கருத்து. ஏமாற்று மலிந்த சூழல் மனிதரை ஒரே நாளில் பொய்யராக்குவதில்லை. எந்த அளவுக்கு வளைத்தால் பரவாயில்லை என்ற அளவுகோலைத்தான் அது மெல்ல மெல்ல நகர்த்துகிறது. குழந்தைக்கு அந்த அளவுகோல் முதலில் கிடைப்பது செய்தித்தாளிலிருந்தோ அலுவலகங்களிலிருந்தோ அல்ல, வீட்டிலிருந்துதான்.

நம் வீடுகளில் நடப்பதை எண்ணிப் பாருங்கள். தொலைபேசி அடித்தால் "அப்பா வீட்டில் இல்லை என்று சொல்லிவிடு" என்கிறோம். அரைக் கட்டணத்துக்காக வயதைக் குறைத்துச் சொல்லச் சொல்கிறோம். வலிக்கவே வலிக்காது என்று சொல்லி ஊசி போட அழைத்துப் போகிறோம். வாங்கித் தரும் எண்ணமே இல்லாத பொருளை அடுத்த வாரம் வாங்கித் தருவதாகச் சொல்லி அழுகையை நிறுத்துகிறோம். இவற்றைக் குழந்தை மறந்துவிடும் என்று நினைப்பது தவறு. அமெரிக்காவில் நடந்து 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், பக்கத்து அறையில் இனிப்பு இருப்பதாகச் சொல்லிக் குழந்தைகளில் ஒரு பகுதியினரை அழைத்த ஆய்வாளர், பிறகு அது பொய் என்று அவர்களிடம் ஒப்புக்கொண்டார். அதன்பின் ஒரு பொம்மையைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டு அவர் வெளியே சென்றார். பள்ளி செல்லும் வயதுக் குழந்தைகளில், பொய் சொல்லப்படாதவர்களில் சுமார் 60 சதவீதத்தினர் திரும்பிப் பார்த்தார்கள். பொய் சொல்லப்பட்டவர்களில் அது 80 சதவீதத்தை நெருங்கியது. பார்த்தவர்களில் "நான் பார்க்கவில்லை" என்று பொய் சொன்னவர்களும் முதல் குழுவில் சுமார் 60 சதவீதம், இரண்டாவது குழுவில் ஏறக்குறைய 90 சதவீதம். ஒரு பெரியவரின் ஒரே ஒரு பொய் இந்த வேறுபாட்டைக் கொண்டுவந்தது. ஆகவே ஊசி கொஞ்சம் வலிக்கும், சீக்கிரம் முடிந்துவிடும் என்று சொல்லுங்கள். பேச விருப்பமில்லாத அழைப்புக்கு "அப்பா இப்போது பேச முடியாது" என்று சொல்லச் சொல்லுங்கள், அது பொய்யில்லை. நீங்கள் பொய் சொல்வதைக் குழந்தை கண்டுபிடித்துவிட்டால், பெரியவர்கள் விஷயம் என்று அதட்டாமல், "சொல்லியிருக்கக் கூடாது" என்று ஒப்புக்கொள்ளுங்கள்.

அடுத்தது, தவறு செய்துவிட்டு உங்கள் முன் நிற்கும்போது உண்மையைச் சொல்ல அவன் கொடுக்க வேண்டியிருக்கும் விலை. கடும் தண்டனை பொய்யை ஒழிக்கும் என்ற நம்பிக்கை இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. விக்டோரியா தல்வார், காங் லீ ஆகியோர் மேற்கு ஆப்பிரிக்காவில் 3, 4 வயதுக் குழந்தைகளிடம் செய்து 2011-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேர்மாறானதைக் காட்டியது: அடி, கிள்ளு என்று கடுமையாகத் தண்டிக்கும் பள்ளியில் படித்த குழந்தைகள், மற்றொரு பள்ளியின் குழந்தைகளைவிட அதிகமாகப் பொய் சொன்னார்கள், சொன்ன பொய்யைப் பிடிபடாமல் காப்பாற்றுவதிலும் அவர்களே தேர்ந்திருந்தார்கள். இதே துறையில் 2014-இல் வெளியான இன்னோர் ஆய்வு, பொய்யால் கேடு வந்த கதைகள், ஓநாய் வந்ததாகக் கூவிய சிறுவனின் கதை உட்பட, குழந்தைகளின் நேர்மையைக் கூட்டவில்லை என்று கண்டது. தவறை ஒப்புக்கொண்ட சிறுவனை அவன் தந்தை பாராட்டும் கதையைக் கேட்ட குழந்தைகளே உண்மையை அதிகம் சொன்னார்கள்.

அதற்காக, ஒப்புக்கொண்டால் எல்லாமே மன்னிப்பு என்று வைத்துவிடாதீர்கள். அப்படி வைத்தால், ஒப்புக்கொள்வதே தப்பிக்கும் தந்திரமாகிவிடும். உடைத்ததை ஒட்டவும், சிந்தியதைத் துடைக்கவும், எழுதாததை எழுதவும் வேண்டியவன் அவன்தான். ஆனால் அதைத் திட்டோ அவமானமோ இல்லாமல் செய்யச் சொல்லுங்கள், சொன்னதற்காகத் தனியாக ஒரு வார்த்தை பாராட்டுங்கள். விடை தெரிந்த கேள்வியைக் கேட்டு அவனைச் சோதிக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். சுவரில் கிறுக்கியது அவன்தான் என்று தெரிந்தும் "இதை யார் செய்தது?" என்று கேட்பது, பொய் சொல்ல நாமே வாய்ப்பைக் கொடுப்பதாகும். "சுவரில் வரைந்திருக்கிறாய், வா, சேர்ந்து துடைக்கலாம்" என்று தொடங்கினால் அங்கே பொய்க்கு இடமே இல்லை. உண்மையிலேயே விடை தெரியாமல் கேட்கும்போது, கேட்பதற்கு முன்பே "உண்மையைச் சொல்வதாக வாக்குக் கொடுப்பாயா?" என்று கேட்பது பயன் தருகிறது என்பதும் ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது.

பாராட்டும் விதத்திலும் கவனம் வேண்டும். நீ புத்திசாலி என்று பாராட்டப்பட்ட சிறு குழந்தைகள், இந்த முறை நன்றாகச் செய்தாய் என்று பாராட்டப்பட்டவர்களைவிட அதிகமாக ஏமாற்றியதை 2017-இல் வெளியான ஆய்வு ஒன்று பதிவுசெய்தது. புத்திசாலி என்ற பெயரைக் காப்பாற்ற வேண்டிய பிள்ளைக்குத் தோல்வியை ஒப்புக்கொள்வது கடினம்.

இனி உங்கள் மகன் விஷயம். ஆசிரியரைத் தனியாகச் சந்தியுங்கள். மற்ற பிள்ளைகளின் பெயரை எடுக்க வேண்டாம். அவர்களைக் காட்டிக்கொடுத்தவன் என்ற பெயர் உங்கள் மகனுக்கு வந்துவிடும். "அவன் எழுதாதது தவறுதான், எழுதித் தரச் செய்கிறேன், ஆனால் எழுந்து நின்று ஒப்புக்கொண்டதை நீங்கள் ஒரு வார்த்தை பாராட்டினால் நன்றாக இருக்கும்" என்று கேளுங்கள். வகுப்பு முழுவதையும் கவனிக்கும் ஆசிரியர் பலருக்கு, தாம் எதைத் தண்டித்தோம் என்பது யாராவது எடுத்துச் சொன்ன பிறகுதான் தெரியவரும். அவர் ஏற்றுக்கொள்ளாவிட்டாலும், நீங்கள் போய்ப் பேசியதை மகனிடம் சொல்லுங்கள். உண்மை சொன்னதற்காகத் தனக்குப் பின்னால் ஒருவர் நிற்கிறார் என்பது அவனுக்குத் தெரிய வேண்டும். பிறகு, அந்தப் பாடத்தை அவன் ஏன் எழுதவில்லை என்று கேளுங்கள். புரியாமல் விட்டிருந்தால் அன்று மாலையே அவனோடு உட்கார்ந்து எழுத வையுங்கள்.