மரத்தடி வட்டங்கள்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் தென்கிழக்கு லண்டனில் வசிக்கிறேன். எங்கள் தெருமுனைப் பூங்காவில் ஆண்டுதோறும் சித்திரை பிறந்ததும் மரங்களைச் சுற்றியுள்ள புல் வட்ட வட்டமாகக் கருகிக் கிடக்கிறது. கேட்டால், அனுமதி பெற்ற களைக்கொல்லிதான், காய்ந்தபின் ஆபத்தில்லை என்கிறது கவுன்சில் (உள்ளாட்சி மன்றம்). அதை முற்றிலும் நிறுத்தக் கோரும் மனுவில் அக்கம்பக்கத்தார் என் கையெழுத்தைக் கேட்கிறார்கள். என் நான்கு வயது மகன் அந்தப் புல்லில்தான் உருளுகிறான். ஆனால் பிரைட்டனில் இதை நிறுத்திவிட்டுப் பிறகு பழையபடி தெளிக்கத் தொடங்கினார்கள் என்றும் கேள்விப்பட்டேன். கையெழுத்திடலாமா?

க.

அன்புள்ள க. அவர்களுக்கு,

கையெழுத்திடுங்கள். ஆனால் அதற்கு முன், நிறுத்தியபின் களையை யார், எதைக்கொண்டு எடுப்பது என்பதைப் பற்றி அந்த மனு ஏதாவது சொல்கிறதா என்று ஒருமுறை படித்துப் பாருங்கள்.

உங்கள் கவுன்சில் தெளிப்பது அநேகமாக கிளைஃபோசேட்டாக இருக்கும். 1974 முதல் சந்தையில் இருக்கும் இந்த மருந்து இலை வழியே உட்புகுந்து வேர்வரை இறங்கி, செடி தனக்குத் தேவையான சில அமினோ அமிலங்களைச் செய்துகொள்ள முடியாதபடி ஒரு நொதியை முடக்கிவிடுகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கீழுள்ள புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் சேர்த்தது. ஐரோப்பிய, அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்புகள் அம்முடிவை ஏற்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் மேலும் 10 ஆண்டுகளுக்கு அனுமதியை நீட்டித்தது. இந்த வழக்கை நீங்களும் நானும் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து தீர்க்க முடியாது. எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்: காய்ந்த புல்லில் உருளும் உங்கள் மகனைவிட, முதுகில் தெளிப்பானைச் சுமந்து நாள் முழுக்க நடக்கும் தொழிலாளியின் மேல்தான் இந்த மருந்து மிகுதியாகப் படுகிறது. இதைத் தெளித்ததால் புற்றுநோய் வந்தது என்று வழக்குத் தொடுத்து, 2018இல் சான்ஃபிரான்சிஸ்கோ நீதிமன்றத்தில் இந்த மருந்தைத் தயாரித்த மொன்சாண்டோ நிறுவனத்துக்கு எதிராக வென்ற டிவெய்ன் ஜான்சன் பள்ளி வளாகங்களைப் பராமரித்தவர். உங்கள் மனு பிள்ளைகளின் பெயரால் பேசுவதோடு அந்தத் தொழிலாளிக்காகவும் ஒரு வரி பேசினால் நன்றாக இருக்கும்.

இனி அந்த வட்டங்கள். புல்வெட்டும் வண்டி அடிமரத்தை ஒட்டிப் போக முடியாது. மிஞ்சிய புல்லைக் கையியந்திரத்தால் வெட்டினால், அதில் சுழலும் நைலான் கயிறு பட்டையைக் கிழித்துவிடும். பட்டைக்கு அடியில்தான் இலைகள் செய்த உணவு கீழிறங்கும் பாதை இருப்பதால், சுற்றிலும் அறுபட்ட இளமரம் பிழைப்பது அரிது. ஆகவே மருந்தடிப்பவர்கள் ஒருவகையில் மரத்தைக் காப்பாற்றத்தான் அடிக்கிறார்கள். ஆனால் அதே வேலையை மரச்சீவல் செய்யும். கவுன்சில் தன் மரங்களைக் கழிக்கும்போது கிடைக்கும் கிளைகளைச் சீவலாக்கி, நான்கு விரற்கடை உயரத்துக்கு, அடிமரத்தைத் தொடாமல் பரப்பிவிட்டால் புல்லும் எழாது, இயந்திரமும் கிட்டே வராது. எங்கள் ஊர்ப் பூங்காவில் அப்படிப் பரப்பிய ஓரிடத்தைச் சென்ற மாதம் கையால் விலக்கிப் பார்த்தேன். அடியில் வெள்ளை நூலாகப் பூஞ்சை, ஈர மண், இரண்டு மண்புழுக்கள்; தப்பி முளைத்திருந்த ஒரு டேன்டலியன் செடியை இழுத்ததும் அதன் ஆணிவேர் முள்ளங்கிபோல முழுதாகக் கையோடு வந்தது. காய்ந்து இறுகிய தரையில் அது பாதியில் அறுந்து, பத்தே நாளில் மறுபடி துளிர்த்திருக்கும்.

பிரைட்டனைப் பற்றி நீங்கள் கேட்டது சரிதான். 2019இல் அந்நகரக் கவுன்சில் கிளைஃபோசேட்டை நிறுத்திக் கைவேலைக்கு மாறியது. நடைபாதைகளுக்குப் போதிய ஆட்கள் இல்லை. களை வளர்ந்து, சக்கர நாற்காலியில் செல்வோரும் முதியோரும் தடுமாறுவதாகப் புகார்கள் குவிந்தன. 2024 தொடக்கத்தில் துளியளவைக் கட்டுப்படுத்தித் தெளிக்கும் முறையில் அந்த மருந்தையே திரும்பக் கொண்டுவர முடிவு செய்தார்கள். மருந்தைப் பிடுங்கிய கையில் வேறெதையும் போதுமான அளவு கொடுக்காததுதான் அங்கே நடந்த பிழை என்பேன். பிரான்ஸ் 2014இல் சட்டம் இயற்றி, ஊராட்சிகளுக்கு அவகாசம் தந்து, 2017 முதல் பூங்காக்களில் தடையை நடைமுறைப்படுத்தியது. கல்லறைத் தோட்டங்களை 2022 வரை விட்டுவைத்தது. அந்த வரிசை எனக்குப் பிடிக்கும். மரத்தடி, வேலியோரம், பெஞ்சின் அடி ஆகிய எளிய இடங்களில் முதலில் நிறுத்தலாம். நடைபாதை இடுக்கில் களை வேர்பிடிக்க மண் வேண்டும். குளிர்காலத்தில் அந்த மண்ணை அழுந்தப் பெருக்கினாலே பாதி வேலை முடியும். களைமீது சூடான நுரையைப் பாய்ச்சும் சுடுநுரை இயந்திரம் மேற்பகுதியை வாட்டுமே தவிர ஆழ்வேரைத் தொடாது என்பதால் ஆண்டுக்குப் பலமுறை வர வேண்டும், எரிபொருளும் செலவாகும். விரலளவு வேர்த்துண்டிலிருந்தும் முளைக்கும் ஜப்பானிய நாட்வீட் போன்ற அடங்காத களைகளின் தண்டில் ஊசிவழி மருந்தேற்றுவதற்கு மட்டும் விலக்குத் தரலாம் என்பது என் கருத்து. தூய்மைவாதிகள் என்னைக் கோபித்துக்கொள்ளட்டும்.

பொதுமக்கள் புழங்கும் இடங்களில் இத்தகைய மருந்துகளின் அளவையும் தடவையையும் இயன்றவரை குறைக்க வேண்டும் என்று பிரிட்டனின் 2012 ஆம் ஆண்டு விதிகளே சொல்கின்றன. எனவே மனுவோடு நிற்காமல், சென்ற ஆண்டு எத்தனை லிட்டர் வாங்கினீர்கள், எந்தெந்த இடங்களில் எத்தனை முறை தெளித்தீர்கள், கழித்த கிளைகள் எங்கே போகின்றன என்று தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கவுன்சிலுக்கு எழுதுங்கள். 20 வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும். வந்ததும், மரத்தடிகளுக்கு மட்டும் எவ்வளவு போகிறது என்று எனக்கும் தெரிவியுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்