1969 ஷெவெல் காரில் க்ரூஸ் கண்ட்ரோல் பொருத்த முடியுமா? பாகங்கள் எங்கே கிடைக்கும்?

முடியும். க்ரூஸ் கண்ட்ரோல் என்றால், ஆக்ஸிலரேட்டரில் கால் வைக்காமலே காரை ஒரே வேகத்தில் ஓடச்செய்யும் கருவி. அதை என் காரில் நானே பொருத்தி மூன்று கோடைகாலம் ஓட்டிவிட்டேன்.

கேள்வி கேட்ட நண்பர் டெக்சஸில் இருக்கிறார். கார் 1969 ஷெவெல் மாலிபு (ஷெவர்லேயின் பழைய அமெரிக்க கார்), 350 கன அங்குல எட்டு சிலிண்டர் வி8 இன்ஜின், டர்போ 350 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். நீண்ட பயணத்தில் வலது கால் மரத்துப்போகிறது, ஆனால் காரின் பழைய தோற்றம் கெடக்கூடாது என்கிறார். நான் இருப்பது மிச்சிகனில். காரும் அதே ஆண்டு, அதே இன்ஜின், அதே கியர்பாக்ஸ். ஆகவே நான் பட்ட பாட்டை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சமாதானம். பெரிய இன்ஜினும் வேகமும் கொண்ட இந்த மாதிரி கார்களை மசில் கார் என்பார்கள். "மசில் காரில் க்ரூஸ் கண்ட்ரோலா?" என்று முகம் சுளிக்க நாலு பேர் வருவார்கள். அந்த ஆண்டு ஷெவர்லேயின் ஆப்ஷன் பட்டியலிலேயே கே30 என்ற குறியீட்டில் இது இருந்தது என்று சொல்லுங்கள். யோசனை இன்னும் பழையது. ரால்ஃப் டீட்டர் என்ற இண்டியானா இன்ஜினியர் 1950-ல் காப்புரிமை வாங்கினார். ஐந்து வயதில் பார்வை போனவர். அவருடைய வக்கீல் கார் ஓட்டும்போது, தான் பேசினால் வேகத்தைக் குறைப்பாராம், பிறர் பேசுவதைக் கேட்டால் கூட்டுவாராம். பின்னே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி வெறுத்துப்போய்த்தான் டீட்டர் இதை யோசித்தார் என்று ஒரு கதை உண்டு. 1958-ல் க்ரைஸ்லர் இதை இம்பீரியல் காரில் "ஆட்டோ பைலட்" என்று விற்றது. க்ரூஸ் கண்ட்ரோல் என்ற பெயர் காடிலாக் வைத்தது.

சரி, எதை வாங்குவது? அசல் கே30 செட்டைத் தேடிப் போகாதீர்கள், நான் போய்ப் பார்த்துவிட்டேன். அது இன்ஜின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிட இழுப்பில், அதாவது வாக்யூமில், ஓடுவது. கியர்பாக்ஸிலிருந்து வரும் ஸ்பீடோமீட்டர் கேபிள் முதலில் வேகத்தைக் கவனிக்கும் ரெகுலேட்டருக்குள் போய், அங்கிருந்து இன்னொரு கேபிளாக டேஷ்போர்டுக்குப் போகும். இன்று கிடைக்கிற செட்டில் பெரும்பாலும் ஏதாவது ஒன்று குறையும். எல்லாம் இருந்தால் வாக்யூமுக்கு அசையும் ரப்பர் சவ்வு (டயஃப்ரம்) ஐம்பது வருடத்தில் அப்பளமாகியிருக்கும். இன்ஜினில் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டைப் பெரிதாக மாற்றிப் போட்டிருந்தால் வாக்யூமும் போதாது. மேட்டில் ஏறும்போது, இன்ஜினுக்குள் காற்றை விடும் கதவான த்ராட்டில் திறக்கத் திறக்க வாக்யூம் குறையும், அதாவது உதவி தேவைப்படுகிற நேரத்தில் கை விட்டுவிடும்.

நான் போட்டது ராஸ்ட்ரா நிறுவனத்தின் 250-1223 என்ற பொது கிட். செர்வோ என்ற சின்ன மின்மோட்டார் த்ராட்டிலை ஒரு கேபிளால் இழுக்கும், வாக்யூமே வேண்டாம். நான் வாங்கியபோது 300 டாலருக்குச் சற்று மேல். டகோட்டா டிஜிட்டலும் கிட் தருகிறது, அவர்களுடைய மீட்டர் ஏற்கெனவே போட்டிருந்தால் அது பொருத்தம். ஜிபிஎஸ் வழியாக வேகத்தை அறிகிற வகையும் உண்டு, ஸ்பீடோமீட்டர் கேபிளைத் தொடவே வேண்டாம். ஆனால் நான் அடிக்கடி போவது பென்சில்வேனியா டர்ன்பைக் என்ற சுங்கச்சாலையில். மேற்கிலிருந்து, பழைய கார் சந்தை கூடும் கார்லைல் ஊருக்குப் போவதற்குள் மலையைக் குடைந்த நான்கு சுரங்கப்பாதைகள் வரும். உள்ளே நுழைந்ததும் வானம் மறைந்துவிடும், செயற்கைக்கோளும் மறைந்துவிடும். அதனால் கேபிளையே நம்பினேன்.

கிட் வீட்டுக்கு வந்த பிறகு நான் முதலில் தொட்டது கிட்டை அல்ல, ஸ்பீடோமீட்டர் கேபிளை. கேபிளுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் கேபிளின் சுற்றை மின்துடிப்பாக்கும் ஒரு சிறிய பல்ஸ் ஜெனரேட்டரைத் திருகவேண்டும் (தனியாக வாங்கவேண்டியது, கிட்டோடு வராது). கேபிள் ஒரு மைலுக்கு ஏறக்குறைய ஆயிரம் சுற்று சுற்றும். ஒரு சுற்றுக்கு நாலு துடிப்பு தருகிற ஜெனரேட்டர் என்றால் மைலுக்கு 4000. இந்தக் கணக்கைத்தான் கிட்டில் உள்ள சின்னச் சின்ன சுவிட்சுகளை மேலும் கீழும் தள்ளிச் சொல்லவேண்டும். உங்கள் ஸ்பீடோமீட்டர் முள் இப்போது 40-க்கும் 50-க்கும் நடுவில் ஆடுகிறதா? அப்படியானால் கிட்டை ஆர்டர் செய்யாதீர்கள். முள் ஆடினால் துடிப்பும் ஆடும், க்ரூஸ் அதைப் பார்த்து கார் மெதுவாகிறது, வேகமாகிறது என்று எண்ணி ஆக்ஸிலரேட்டரை மிதித்து மிதித்து விடும். என் கேபிள் உள்ளே காய்ந்து, இன்ஜினுக்கும் உள்ளறைக்கும் நடுவிலுள்ள தகடான ஃபயர்வாலுக்குப் பக்கத்தில் மடங்கியும் இருந்தது. புதுக் கேபிள் போட்டு, கிராஃபைட் தடவி, வளைவைப் பெரிதாக்கிய பிறகுதான் முள் அடங்கியது.

அடுத்து த்ராட்டில். உயிர் போகிற இடம் இதுதான், கொஞ்சம் நின்று பாருங்கள். செர்வோவின் கேபிள் முனையில் ஒரு மணிச்சங்கிலி வரும், பழைய குழல்விளக்கு சுவிட்சில் தொங்குமே, அந்த மாதிரி. அதைக் கார்புரேட்டரின் த்ராட்டில் நெம்பில் மாட்டவேண்டும். சங்கிலி ஏன் என்றால், நீங்கள் காலால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது அது தளர்ந்து மடங்கி ஒதுங்கிக்கொள்ளும், செர்வோ இழுக்கும்போது மட்டும் இறுகும். த்ராட்டில் முழுதாக மூடிய நிலையில் சங்கிலியில் துளி தளர்வு இருக்கவேண்டும். அதிகம் விட்டால் செர்வோவின் பாதி ஓட்டம் தளர்வை எடுப்பதிலேயே போய்விடும். தளர்வே விடாமல் இறுக்கினால் ஐடில், அதாவது கார் சும்மா நிற்கும்போது இன்ஜின் சுற்றும் வேகம், எகிறும்.

என் கார்புரேட்டர் குவாட்ராஜெட் வகை. அதே நெம்பில் ஆக்ஸிலரேட்டர் கேபிளும் இருக்கிறது, பக்கத்திலேயே, பெடலை முழுக்க மிதித்தால் கியரை இறக்கும் டர்போ 350-யின் கிக்டவுன் கேபிளும் இருக்கிறது. மூன்றும் ஒன்றையொன்று உரசக்கூடாது. இன்ஜினை அணைத்துவிட்டு, காற்று வடிகட்டியைக் கழற்றி, ஒருவரை உள்ளே உட்காரவைத்து பெடலைத் தரைவரை மிதிக்கச் சொல்லுங்கள். சட்டென்று விடச் சொல்லுங்கள். "டப்" என்று சத்தத்தோடு மூடவேண்டும். என் மனைவி நாற்பது தடவை மிதித்தாள். முப்பத்தி ஏழாவது தடவை சங்கிலியின் கடைசி மணி பிராக்கெட்டின் விளிம்பில் சிக்கி, த்ராட்டில் கால்வாசி திறந்தபடி நின்றது. அதைச் சாலையில் 70 மைல் வேகத்தில் கண்டுபிடித்திருந்தால் இந்தப் பதிலை வேறு யாராவது எழுதிக்கொண்டிருப்பார்கள். பிராக்கெட்டை அரை அங்குலம் தள்ளி, விளிம்பை அரத்தால் ராவி, ரிட்டர்ன் ஸ்பிரிங் ஒன்றுக்கு இரண்டாகப் போட்டேன்.

மின்சார வேலை பெரிதில்லை. இன்ஜின் சுற்றும் வேகத்துக்கான வயரை, ஸ்பார்க் கொடுக்கும் காயிலின் நெகட்டிவ் முனையில் கொடுக்கலாம், எம்எஸ்டி என்ற மின்பொறிப் பெட்டி வைத்திருந்தால் மட்டும் அங்கே கொடுக்காதீர்கள். அந்தப் பெட்டி காயிலுக்கு நூற்றுக்கணக்கான வோல்ட் அனுப்பும், க்ரூஸின் மூளை வெந்துவிடும். பெட்டியிலேயே, இன்ஜின் சுற்றைக் காட்டும் டேக்கோமீட்டருக்கென்று தனி முனை உண்டு, அதில் கொடுங்கள்.

என்னை இரண்டு வாரயிறுதி அழவைத்தது பிரேக் விளக்கு வயர். எல்லாம் மாட்டி முடித்து, சாலைக்குப் போய், 50-ல் "செட்" அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. வயர்களைத் திரும்பத் திரும்ப மல்டிமீட்டரில் தொட்டுப் பார்த்தேன். பல்ஸ் ஜெனரேட்டரைச் சந்தேகப்பட்டேன், கிட்டைச் சந்தேகப்பட்டேன், விற்றவரையும் மனதுக்குள் திட்டினேன். விஷயம் இதுதான்: பிரேக்கை மிதிக்காதபோது அந்த வயர், பின்விளக்கு பல்பின் இழை வழியாக கிரவுண்டை, அதாவது காரின் உலோக உடலை, தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். கிரவுண்ட் தெரியாவிட்டால் பிரேக் வயர் அறுந்துவிட்டது என்று கிட் முடிவுகட்டி வேலை செய்ய மறுக்கும். மறுப்பது சரிதான். நான்தான் முந்தின வருடம் பின்னால் அழகாக எல்இடி பல்பு மாற்றியிருந்தேன், எல்இடியில் அந்தப் பாதை கிடையாது. அலமாரியில் கிடந்த பழைய 1157 பல்பு இரண்டையும் திரும்பப் போட்டேன், முதல் அழுத்தலிலேயே பிடித்தது. எல்இடிதான் வேண்டும் என்றால் நடுவில் ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வைக்கலாம். கையோடு பிரேக் பெடல் சுவிட்சையும் புதிதாக மாற்றிவிடுங்கள், ஐம்பது வயது சுவிட்சை நம்பி க்ரூஸ் ஓட்டக்கூடாது.

கட்டுப்பாட்டு சுவிட்சை இண்டிகேட்டர் தண்டிலேயே வைக்கிற வகை கிடைக்கிறது. பார்க்கத் தொழிற்சாலை வேலை மாதிரி இருக்கும், ஆனால் வயரை ஸ்டீயரிங் தண்டுக்குள் இழுக்கவேண்டும். எனக்குப் பொறுமை இல்லை. டேஷ்போர்டின் கீழ் விளிம்பில், ஆஷ்ட்ரேக்கு இடப்புறம், கண்ணுக்குத் தெரியாமல் வைத்துவிட்டேன்.

இனி பாகங்கள். ஷெவெல்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். 1968 முதல் 1972 வரை ஷெவெல், போன்டியாக் லெமான்ஸ், ஓல்ட்ஸ்மொபில் கட்லஸ், பியூக் ஸ்கைலார்க் எல்லாம் ஜிஎம்மின் ஒரே ஏ-பாடி அடித்தளம். அடிச்சட்டம், பிரேக், சஸ்பென்ஷன் பாகங்களில் பல இவற்றுக்குள் மாறிக்கொள்ளும். இன்ஜின் பாகம் மாறாது. புதிதாகச் செய்த நகல்களுக்கு ஓபிஜிஐ, இயர் ஒன், கிளாசிக் இண்டஸ்ட்ரீஸ் ஆகிய கடைகளின் அட்டவணைகள் போதும். பல்பு, சுவிட்ச், கேபிள் மாதிரி சில்லறைக்கு ராக்ஆட்டோ மலிவு. கார்புரேட்டர் சாமான்களுக்கு சம்மிட்.

அட்டவணையில் கிடைக்காத, அல்லது கிடைத்தும் துளை சரியாகச் சேராத சின்ன பிராக்கெட்டுகளுக்குச் சந்தைதான். ஸ்வாப் மீட் என்பார்கள். பென்சில்வேனியா கார்லைலில் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் கூடுகிறது. நம்ம புதுப்பேட்டையைப் பத்து மடங்காக்கி, புல்தரையில் வரிசை வரிசையாக விரித்தது போல இருக்கும். டெக்சஸில் உங்களுக்கு ஃபோர்ட் வொர்த் பக்கம் பேட் ஸ்வாப் மீட் இருக்கிறது, அதை விடாதீர்கள். பழைய பிராக்கெட்டைக் கழற்றிக் கையில் எடுத்துப் போங்கள், போனில் படம் போதாது. "என்ஓஎஸ்" என்று சொன்னால், அதாவது அந்தக் காலத்திலேயே செய்து விற்காமல் கிடந்த அசல் சரக்கு என்றால், பெட்டியைப் பார்க்காதீர்கள், பாகத்தைப் பாருங்கள். பெட்டி பழசு, உள்ளே புது நகல் என்ற வித்தையில் நான் ஒரு த்ராட்டில் பிராக்கெட்டுக்கு 60 டாலர் கொடுத்து ஏமாந்தேன். முலாம் பளபளவென்று இருந்தது, பாகத்து எண் எங்கேயும் அடிக்கவில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

"எஸ்எஸ் பாகம்" என்று கூடுதல் விலை சொல்பவரிடமும் ஜாக்கிரதை. எஸ்எஸ் என்றால் சூப்பர் ஸ்போர்ட், ஷெவெலின் வேகமான வகை. 1969-ல் எஸ்எஸ் 396 தனி மாடல் அல்ல, இசட்25 என்ற ஆப்ஷன் தொகுப்பு. அதனால் சேஸிஸ் எண்ணை வைத்து எது எஸ்எஸ் என்று சொல்ல முடியாது. க்ரூஸ் வேலைக்கு அந்தப் பெயரால் எந்த லாபமும் இல்லை.

எல்லாம் முடிந்து முதல் ஓட்டத்தில் கார் தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை மாதிரி முன்னும் பின்னும் ஆடியது. கிட்டில் உணர்திறன் அளவு ஒன்று உண்டு, வி8-க்கு அதைக் குறைவாக வைக்கவேண்டும். நான் நடுவில் வைத்திருந்தேன், ஒரு படி இறக்கியதும் அடங்கியது. உங்கள் பின் ஆக்சிலின் கியர் விகிதம் என்னுடையது போல 3.31 என்றால் 70 மைலில் இன்ஜின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3000 சுற்றில் கத்தும், அதை க்ரூஸ் குறைக்காது. அதற்கு, அதே வேகத்தில் இன்ஜினை மெதுவாகச் சுற்றவிடும் ஓவர்டிரைவ் கியர்பாக்ஸ் வேண்டும், அது வேறு செலவு, வேறு சண்டை.

போன வசந்தத்தில் கார்லைலுக்குப் போனேன், ஏறக்குறைய 470 மைல். அலகேனி மலை ஏற்றத்தில் 65-ல் வைத்தேன். முள் ஒரு மைல் கீழே போய்த் திரும்பி வந்தது, அவ்வளவுதான். ஒரே பிரச்சினை, இருபது வருடமாகப் பெடல் மேலேயே இருந்து பழகிய வலது காலை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி "சும்மா தரையில் வையுங்கள்" என்றாள். வைத்தேன்.