அளவும் விலையும்: கட்டுமான மதிப்பீடு பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: ஒரே வரைபடத்தை மூன்று ஒப்பந்தக்காரர்களிடம் கொடுத்தேன். மூவரும் சதுர அடிக் கணக்கில் வெவ்வேறு தொகை சொல்கிறார்கள். உயர்ந்த தொகைக்கும் குறைந்த தொகைக்கும் கால் பங்கு வேறுபாடு இருக்கிறது. யாருடைய கணக்கு சரி? (வீடு கட்டவிருக்கும் வாசகர்)

பதில்: அந்த மூன்று தொகைகளை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் தீர்ப்புச் சொல்ல முடியாது. முன்பு கட்டி முடித்த ஏதோ ஒரு கட்டடத்தின் மொத்தச் செலவை அதன் தளப்பரப்பால் வகுத்தால் கிடைப்பதுதான் சதுர அடி விகிதம். அந்தக் கட்டடம் நின்ற மண், அதன் அடித்தள ஆழம், கூரை உயரம், கதவு ஜன்னல்களின் எண்ணிக்கை ஆகிய அனைத்தும் அந்த ஒற்றை எண்ணுக்குள் ஒளிந்திருக்கும். உங்கள் வீட்டின் வடிவம் வேறாக இருந்தால் விகிதமும் வேறாகிவிடும். 10 மீட்டருக்கு 10 மீட்டர் சதுரமும், 5 மீட்டருக்கு 20 மீட்டர் செவ்வகமும் பரப்பில் ஒன்றே, 100 சதுர மீட்டர். சுற்றளவோ முதலாவதற்கு 40 மீட்டர், இரண்டாவதற்கு 50 மீட்டர். வெளிச்சுவர், அதன் அடித்தளம், வெளிப்பூச்சு, வண்ணம் ஆகிய அனைத்தும் சுற்றளவைப் பொறுத்தவை என்பதால், பரப்பு கூடாமலேயே இவை ஒவ்வொன்றும் கால் பங்கு கூடிவிடுகின்றன.

இதோடு, பரப்பில் எதைச் சேர்த்தார்கள் என்ற கேள்வியும் இருக்கிறது. பால்கனியை ஒருவர் முழுதாகவும் மற்றொருவர் பாதியாகவும் கணக்கிட்டிருக்கலாம். தண்ணீர்த் தொட்டி, கழிவுநீர்த் தொட்டி, சுற்றுச்சுவர் ஆகியவற்றை ஒருவர் உள்ளடக்கியும் மற்றொருவர் சொல்லாமல் விட்டும் இருக்கலாம். ஒரு திட்டம் எந்த அளவுக்கு வரையறுக்கப்பட்டிருக்கிறது என்பதை வைத்து மதிப்பீடுகளை ஐந்து வகுப்புகளாகப் பிரிக்கிறது செலவுப் பொறியாளர்களின் அமைப்பான ஏஏசிஇ இன்டர்நேஷனல். அதில் 5 ஆம் வகுப்பு மிகக் கரடுமுரடானது, 1 ஆம் வகுப்பு மிக நுணுக்கமானது. சதுர அடிக் கணக்கு இந்த வரிசையின் கரடுமுரடான முனையைச் சேர்ந்தது. கட்டலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க அது போதும், ஒப்பந்தத்தில் கையெழுத்திடப் போதாது. பொறியாளர் ஒருவரைக் கொண்டு ஒரே அளவுப் பட்டியலை, அதாவது எந்த வேலை எவ்வளவு என்ற பட்டியலைத் தயாரித்து, அதே பட்டியலுக்கு மூவரையும் விலை எழுதச் சொல்லுங்கள். அப்போது வேறுபாடு எந்த வேலையில் வருகிறது என்பது தெரிந்துவிடும்.

கேள்வி: சுவர்களின் நடுக்கோட்டு நீளத்தை வைத்து அளவெடுக்கும் மையக்கோட்டு முறையில், ஒரு சுவர் இன்னொன்றில் முட்டும் சந்திப்புகளில் கழிக்க வேண்டும் என்று கற்றுக்கொடுக்கிறார்கள். மூலைகளில் ஏன் கழிப்பதில்லை? அடித்தளத்திற்கு ஓர் அளவும் சுவருக்கு வேறோர் அளவும் கழிப்பது ஏன்? (பட்டயப் படிப்பு மாணவி)

பதில்: எண்களில் பார்த்தால் இது உடனே விளங்கும். உள்ளளவு 6 மீட்டருக்கு 4 மீட்டர், சுவர்த் தடிமன் 0.3 மீட்டர் உள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். மையக்கோடுகளின் இடைவெளி 6.3 மீட்டரும் 4.3 மீட்டரும் ஆகும்; மொத்த நீளம் 21.2 மீட்டர். வெளிச்சுற்றளவு 22.4, உட்சுற்றளவு 20. வெளிச்சுற்றளவை எடுத்தால் நான்கு மூலைகளும் இரண்டு முறை எண்ணப்பட்டு, நான்கு முறை 0.3, அதாவது 1.2 மீட்டர் கூடிவிடுகிறது. உட்சுற்றளவை எடுத்தாலோ மூலைகள் நான்கும் விடுபட்டுப் போகின்றன. மையக்கோட்டில் ஒவ்வொரு மூலையிலும் வெளிப்புறம் விடுபடுவதும் உட்புறம் மிகைப்படுவதும் ஒன்றையொன்று ஈடு செய்துவிடுவதால், மூலையில் கழிப்பதற்கு ஒன்றும் இல்லை.

இப்போது 4 மீட்டர் அகலத்தின் குறுக்கே ஒரு தடுப்புச் சுவரை எழுப்புங்கள். அதன் மையக்கோட்டு நீளம் 4.3 மீட்டர். ஆனால் அதன் இரு முனைகளும் நீண்ட சுவர்களின் நடுக்கோடு வரை செல்வதாகக் கணக்கில் இருக்கின்றன. அந்த இடத்தை ஏற்கெனவே நீண்ட சுவர்கள் நிரப்பியிருக்கின்றன. எனவே ஒவ்வொரு சந்திப்புக்கும் அரைத் தடிமன் கழிய வேண்டும். சுவருக்கு 21.2 உடன் 4.3 ஐக் கூட்டி, இருமுறை 0.15 கழித்தால் 25.2 மீட்டர் வரும். அடித்தளப் பள்ளம் 0.9 மீட்டர் அகலம் என்றால், அங்கே கழிய வேண்டியது இருமுறை 0.45; நீளம் 24.6 மீட்டர் ஆகிறது. படிப்படியாகக் குறுகிவரும் அடித்தளத்தில் ஒவ்வொரு படிக்கும் அகலம் மாறுவதால் கழிவும் மாறுகிறது. மையக்கோட்டு நீளத்தை மேலிருந்து கீழ்வரை ஒரே எண்ணாக வைத்துக்கொள்ளும் பழக்கம் மாணவர்களிடம் மட்டுமல்ல, களத்திலும் உண்டு. 1 மீட்டர் ஆழமுள்ள இந்தச் சிறு பள்ளத்தில், சந்திப்புகளைக் கழிக்காமல் விட்டாலே 0.81 கனமீட்டர் தோண்டல் கூடுதலாகக் காட்டும். அறைகள் பலவாகும்போது அது எவ்வளவாகும் என்பதை நீங்களே போட்டுப் பாருங்கள். எல்லாச் சுவர்களுக்கும் ஒரே வகை அடித்தளம் இல்லாத கட்டடங்களில் இந்த முறையை விட்டுவிட்டு, நீளவாக்குச் சுவர்களையும் குறுக்குச் சுவர்களையும் தனித்தனியே அளக்கும் நெடுஞ்சுவர், குறுஞ்சுவர் முறைக்கு மாறுவதே நல்லது. நேரம் கூடும், ஆனால் பிழையைக் கண்டுபிடிப்பது எளிது.

கேள்வி: பொருள் வீணாவதற்காக எல்லா அளவுகளிலும் 5 சதவீதம் கூட்டி எழுதச் சொல்கிறார் என் மேலாளர். விலை விகிதத்திலும் சேதாரம் சேர்க்கப்பட்டிருக்கிறது. இரண்டு இடத்திலும் சேர்ப்பது முறையா? (இளநிலைப் பொறியாளர்)

பதில்: முறையல்ல. அளவுப் பட்டியலில் வர வேண்டியது கட்டி முடிந்த நிலையில், இருக்கும் இடத்தில் அளக்கக்கூடிய நிகர அளவு மட்டுமே. சுவர் 10 கனமீட்டர் என்றால் பட்டியலில் 10 தான். உடையும் செங்கல்லுக்கும் சிந்தும் கலவைக்கும் உரிய இடம், ஒரு கனமீட்டருக்கு எவ்வளவு பொருள், எவ்வளவு ஆள்கூலி, எவ்வளவு கருவி வாடகை என்று பிரித்துப் பார்க்கும் விலைப் பகுப்பாய்வு. அளவிலும் விலையிலும் தலா 5 சதவீதம் ஏறினால் மொத்தத்தில் 10.25 சதவீதம் ஏறியிருக்கும். இறுதித் தொகையைப் பார்ப்பவருக்கு அது எங்கே நுழைந்தது என்றே தெரியாது. கொள்முதல் பட்டியல் வேறு. அங்கே சேதாரத்தைக் கூட்டித்தான் ஆக வேண்டும். இரண்டையும் ஒரே தாளில் எழுதுவதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது.

மண் வேலையில் இதே குழப்பம் வேறு உருவில் வரும். 100 கனமீட்டர் பள்ளத்திலிருந்து வெளியே எடுத்த மண் தளர்ந்து உப்பிவிடும். உப்பல் 25 சதவீதம் என்றால் வண்டியில் ஏற வேண்டியது 125 கனமீட்டர். 5 கனமீட்டர் கொள்ளும் டிப்பருக்கு 20 நடை அல்ல, 25 நடை. அதற்காகத் தோண்டல் அளவை 125 என்று எழுதிவிடக் கூடாது. தோண்டல் 100 தான்; உப்பல் போக்குவரத்து விலையில் சேர வேண்டும்.

கேள்வி: கான்கிரீட்டுக்கு வேண்டிய உலர் பொருள்களைக் கண்டுபிடிக்க, அதன் ஈர அளவை (கலந்து போட்ட கான்கிரீட்டின் கன அளவை) 1.54 ஆல் பெருக்குகிறோம். இந்த எண் எங்கிருந்து வந்தது? எல்லா இடத்திலும் அதை நம்பலாமா? (கட்டட மேற்பார்வையாளர்)

பதில்: உலர்ந்த ஜல்லியின் இடைவெளிகளுக்குள் மணலும், மணலின் இடைவெளிகளுக்குள் சிமென்ட்டும் புகுந்துவிடுவதால், தனித்தனியே அளந்த உலர் பொருள்களின் கூட்டுத்தொகையைவிடக் கெட்டித்த கான்கிரீட்டின் அளவு குறைவாக இருக்கும். அந்தச் சுருக்கத்தை ஈடு செய்யும் அனுபவ எண்தான் 1.54. ஒரு கனமீட்டர் 1:2:4 கலவைக்கு (சிமென்ட், மணல், ஜல்லி என்ற வரிசையில்) 1.54 ஐ 7 ஆல் வகுத்தால் சிமென்ட் 0.22 கனமீட்டர், கனமீட்டருக்கு 1,440 கிலோ என்ற கணக்கில் சுமார் 317 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டையில் ஆறேகால் மூட்டைக்குச் சற்று அதிகம். மணல் 0.44, ஜல்லி 0.88 கனமீட்டர்.

இதைச் சரிபார்க்க வேறு வழியும் உண்டு. ஒவ்வொரு பொருளின் எடையையும் அதன் உண்மையான அடர்த்தியால் வகுத்து, இடைவெளியற்ற கன அளவைக் கண்டுபிடிக்கலாம். சிமென்ட்டின் ஒப்படர்த்தி (தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 3.15, மணலுக்கும் ஜல்லிக்கும் 2.65, மணலின் உலர் எடை கனமீட்டருக்கு 1,600 கிலோ, ஜல்லிக்கு 1,500 கிலோ, தண்ணீர் சிமென்ட்டின் எடையில் பாதி என்று வைத்துக்கொண்டால் மொத்தம் சுமார் 1.02 கனமீட்டர் வருகிறது; வர வேண்டிய 1 கனமீட்டருக்கு இது மிக அருகில். சிறு வேலைக்கு 1.54 மோசமான எண் இல்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. ஆனால் ஜல்லியின் அளவும் வடிவமும் மாறினால் இடைவெளியும் மாறும். பொருள்களின் விகிதத்தை ஆய்வகத்தில் சோதித்து முடிவுசெய்யும் வடிவமைப்புக் கலவை பயன்படுத்தும் வேலையில் ஆய்வகம் தந்த எடைகளை விட்டுவிட்டு இந்தப் பெருக்கலை நாடுவதில் பொருளே இல்லை.

கேள்வி: அளந்து போட்ட மணல் ஒவ்வொரு முறையும் பற்றாக்குறையாகிறது. ஏமாற்றுகிறார்களா? (அதே வாசகர்)

பதில்: ஈரமாக இருந்ததா என்று முதலில் பாருங்கள். ஓரளவு ஈரம் ஏறிய மணலில் துகள்களைச் சுற்றிய நீர்ப்படலம் அவற்றை விலக்கிவைப்பதால் கன அளவு கூடும். நுண்மணலாக இருந்தால் இந்த உப்பல் 20, 30 சதவீதம் வரைகூடப் போகும். முழுவதும் நனைந்துவிட்டால் மணல் மீண்டும் பழைய அளவுக்கு இறங்கிவிடும். எடைக்கணக்கில் வாங்கினாலும் ஈரத்தின் எடையைக் கழிக்க மறக்க வேண்டாம்.

கேள்வி: கம்பிக்கு எத்தனை சதவீதம் சேதாரம் வைக்கலாம்? (சிறு ஒப்பந்தக்காரர்)

பதில்: சதவீதத்தில் தொடங்காமல் வெட்டும் திட்டத்தில் தொடங்குங்கள். ஒரு மீட்டர் கம்பியின் எடையை, மில்லிமீட்டரில் உள்ள விட்டத்தின் வர்க்கத்தை 162 ஆல் வகுத்துப் பெறுகிறோம். எஃகின் அடர்த்தி கனமீட்டருக்கு 7,850 கிலோ என்பதிலிருந்து வரும் எண் அது. 16 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு 1.58 கிலோ. இந்தக் கணக்கில் யாரும் பெரிதாகத் தவறுவதில்லை. தவறுவது துண்டுகளில்தான். 12 மீட்டர் கம்பியிலிருந்து 4.5 மீட்டர்த் துண்டுகள் வேண்டுமென்றால் ஒரு கம்பிக்கு இரண்டுதான் கிடைக்கும். 3 மீட்டர், அதாவது கால் பங்கு மிஞ்சுகிறது. அந்த 3 மீட்டருக்கு வேறொரு பீமிலோ லின்டலிலோ இடம் இருந்தால் சேதாரம் ஏறக்குறைய இல்லை. இடம் இல்லையென்றால் 25 சதவீதம். ஒவ்வொரு கம்பியின் நீளம், வடிவம், எண்ணிக்கையைக் காட்டும் கம்பி வளைப்பு அட்டவணை இல்லாமல் பொத்தாம்பொதுவாக 5 சதவீதம் என்று எழுதுவது, இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே கண்ணை மூடிக்கொண்டு கல்லெறிவதுதான்.

அட்டவணை போடும்போது இரண்டு இடங்களில் கவனமாக இருங்கள். 3 மீட்டர் நீளத்தில் 150 மில்லிமீட்டர் இடைவெளிக்கு, நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையங்கள் 20 அல்ல, 21; இடைவெளிகள்தாம் 20. அடுத்து, ஒட்டு நீளம், அதாவது இரு கம்பிகளை இணைக்க ஒன்றோடொன்று சேர்த்துவைக்கும் நீளம். 50 மடங்கு விட்டம் என்று வரைபடம் சொன்னால் 16 மில்லிமீட்டர் கம்பியின் ஒவ்வோர் ஒட்டிலும் 0.8 மீட்டர் போகிறது. நீண்ட பீம்களில் இது விடுபட்டால், கம்பி தீர்ந்த பிறகுதான் தெரியவரும்.

கேள்வி: பூச்சு வேலையில் ஜன்னலுக்கு ஒரு பக்கம் மட்டும் கழிக்கிறார்கள். இது ஒப்பந்தக்காரருக்குச் சாதகமான ஏற்பாடு அல்லவா? (குடியிருப்புச் சங்கப் பொருளாளர்)

பதில்: பார்த்தால் அப்படித் தோன்றும். இந்தியத் தர அளவீட்டு விதித் தொகுப்பான ஐ.எஸ். 1200 இன்படி 0.5 சதுர மீட்டர் வரையிலான திறப்புகளுக்குப் பூச்சில் கழிவே இல்லை; 0.5 முதல் 3 வரை ஒரு முகத்துக்கு மட்டும் கழிவு. 3 ஐத் தாண்டினால் இரு முகங்களுக்கும் கழித்துவிட்டு, திறப்பின் பக்கங்களைத் தனியே அளந்து கூட்ட வேண்டும். நடுப்பிரிவில் கழிக்காமல் விடும் ஒரு முகம், ஜன்னலின் உட்பக்கங்களைப் பூசுவதற்கான ஈடு. 1.2 மீட்டருக்கு 1.5 மீட்டர் ஜன்னலின் பரப்பு 1.8 சதுர மீட்டர், 0.3 மீட்டர் சுவரில் அதன் நான்கு உட்பக்கங்கள் சேர்ந்து 1.62. சட்டம் மறைக்கும் பகுதி போக இன்னும் சற்றுக் குறையும். ஆகவே ஓரளவு சாதகம் இருக்கிறது, மெல்லிய சுவரில் அது கூடவும் செய்யும். ஆனால் விலை எழுதியவர் இந்த விதியைத் தெரிந்துகொண்டே எழுதியிருப்பார். அளவீட்டு விதி நாட்டுக்கு நாடு வேறுபடும், பிரிட்டனில் என்.ஆர்.எம். (புதிய அளவீட்டு விதிகள்) என்ற தொகுப்பு இருக்கிறது. எந்த விதிப்படி அளக்கப்படும் என்று ஒப்பந்தத்தில் எழுதாமல் விடுவதுதான் உண்மையான இழப்பு.

கேள்வி: விலையில் 10 சதவீதம் இலாபம் நிற்க வேண்டுமென்று செலவோடு 10 சதவீதம் கூட்டுகிறேன். ஆண்டு முடிவில் அவ்வளவு நிற்பதில்லை. (சிறு ஒப்பந்தக்காரர்)

பதில்: 100 செலவுக்கு 110 விலை வைத்தால், விலையில் இலாபத்தின் பங்கு 9.09 சதவீதம்தான். விலையில் 10 சதவீதம் வேண்டுமென்றால் செலவை 0.9 ஆல் வகுக்க வேண்டும்; விலை 111.11 ஆகும். அலுவலக வாடகை, மேற்பார்வையாளர் சம்பளம், வங்கி உத்தரவாதக் கட்டணம் ஆகியவற்றை அந்த 100 க்குள் முன்பே சேர்த்திருந்தால்தான் இந்தக் கணக்கும் பொருந்தும்.