1943 கோர்செயர் (இரண்டாம் உலகப்போரின் அமெரிக்கப் போர் விமானம்) சிறு மாடலுக்கு மூன்று நிறப் பூச்சு எப்படி அடிப்பது? மாடல் பெட்டியின் மேல் உள்ள படத்தை நம்பலாமா?

பெட்டிப் படத்தை மட்டும் நம்ப வேண்டாம். நீங்கள் செய்யும் அதே விமானத்தின், அதே மாதத்துப் புகைப்படத்தைத் தேடுங்கள். 1943 ஜூன் இறுதியில் விமானத்தில் இருக்கும் அமெரிக்க நட்சத்திரச் சின்னத்தைச் சுற்றிச் சிவப்பு விளிம்பு வந்தது. ஆகஸ்டிலேயே அதை நீலமாக்க உத்தரவு. கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறத்தை ஊகிக்காதீர்கள்: சிலவகைப் பழைய பிலிமில் சிவப்பு கறுப்பாகவே விழும்.

மேலே கடல் நீலம், பக்கவாட்டில் இடைநீலம் (அதைவிட வெளிர்ந்த நீலம்), அடியில் வெள்ளை. பலர் தவறவிடும் இடம் இறக்கை. கோர்செயரின் வெளி இறக்கை மேல்நோக்கி மடங்கும். அப்போது அடிப்பாகம் வெளியே தெரியும் என்பதால் அங்கு வெள்ளைக்குப் பதில் இடைநீலம் அடித்தார்கள். மடிப்புக் கோட்டில் மாஸ்கிங் டேப் (பெயின்ட் படாமல் மறைக்கும் டேப்) ஒட்டி இரு நிறங்களையும் பிரித்துக் காட்டுங்கள். ஆனால் உடலில் டேப் வேண்டாம், நிறங்கள் ஒன்றில் ஒன்று கரைய வேண்டும். ஏர்பிரஷ்ஷில் (காற்றால் பெயின்டைத் தெளிக்கும் கருவி) பெயின்டை நீர்க்கக் கலந்து, வெள்ளையிலிருந்து மேல்நோக்கி மெல்ல அடியுங்கள்.