பொருக்குக்கு அடியில் நகரும் தோல்

கேள்வி: பொகவந்தலாவையிலிருந்து எழுதுகிறேன். அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுப்பவர். கவ்வாத்து வெட்டிய மலையில் குச்சி கீறி, காலில் தோல் உரிந்துவிட்டது. கோப்பித்தூளை அப்பிக்கொண்டு, "காத்துப்பட்டாதான் ஆறும்" என்கிறார். பொருக்கு கட்டுவதும் பிய்வதுமாக ஒரு வாரம் ஆகிறது. மூடிக் கட்டலாமா?

பதில்: தாராளமாகக் கட்டுங்கள். கோப்பித்தூள் இனி வேண்டாம். அது காயத்தில் ஒட்டி அழுக்கைத் தேக்கும்.

உரிந்த இடத்தைப் புதுத்தோல் ஊர்ந்து வந்துதான் மூடுகிறது. காயத்தின் ஓரத்திலும் மயிர்க்கால்களிலும் உள்ள கலங்கள் மெல்லிய விளிம்பை நீட்டி, அடியிலுள்ள ஈரத்தளத்தைப் பற்றி முன்னேறும். நிரை பிடித்துப் போகும் கொழுந்துக்காரர்களைப் போல, பக்கத்துக் கலத்தை விட்டுப் பிரியாமல் ஒரே படலமாக நகரும். முன்வரிசை மட்டும் இழுப்பதில்லை. ஆய்வுகூட வளர்ப்புத் தட்டில் நகர்ந்த மேலணிக் கலப் (உடலின் பரப்புகளை மூடும் கலங்கள்) படலமொன்றில், விளிம்புக்குப் பல வரிசை பின்னாலுள்ள கலங்களும் தளத்தைப் பற்றி இழுப்பதை ஆய்வாளர் சேவியர் ட்ரெபாட் குழுவினர் 2009இல் அளந்து காட்டினார்கள். அதனால் பொருக்கைப் பிய்க்கும்போது ஓரம் மட்டும் போவதில்லை, பல நாள் உழைப்பில் வந்த படலமே கிழிகிறது.

காய்ந்த பொருக்கு இருந்தால் கலங்கள் அதற்கு அடியில் ஈரம் தேடி இறங்கிச் சுற்றிப்போக வேண்டும். 1962இல் ஜோர்ஜ் வின்டர் என்ற ஆய்வாளர், பன்றித் தோலின் மேலோட்டமான காயங்களைப் பொலித்தீனால் மூடிப் பார்த்தார். திறந்து விட்டவற்றைவிட அவை ஏறக்குறைய இரு மடங்கு வேகமாக மூடின.

கொதித்தாறிய நீரால் கழுவி, வாசலினை மெல்லியதாகப் பூசி, சுத்தமான கோஸ் துணியால் கட்டுங்கள். நாளுக்கொரு முறை மாற்றுங்கள். ஒட்டியிருந்தால் நனைத்துக் கழற்றுங்கள், இழுக்காதீர்கள். மழையில் நனைந்த கட்டு வேறு விடயம். சேறும் நீரும் ஊறினால் சுற்றுத்தோல் வெளுத்துப்போகும், கிருமியும் சேரும். வேலை முடிந்து வந்ததும் கட்டாயம் மாற்ற வேண்டும். முடிந்தால் ஓரிரு நாள் மலைக்குப் போகாமல் இருப்பது நல்லது. நாட்சம்பளம் போகும் என்பது தெரிந்தேதான் சொல்கிறேன்.

ஏற்பு (டெட்டனஸ்) ஊசி போட்டாரா என்று கேளுங்கள். சீனி வருத்தம் இருந்தாலோ, சிவப்பு பரவினாலோ, சீழ், காய்ச்சல் வந்தாலோ வீட்டு வைத்தியம் போதாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். இதெல்லாம் இல்லாமலே இன்னும் இரண்டு வாரத்தில் மூடாவிட்டாலும் காட்டத்தான் வேண்டும்.