சிக்னலில் நின்றால் ஹீட்டர் குளிர்கிறது என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, கார் ஓடும்போது சுமாரான சூடு, சிக்னலில் நின்றால் சில்லென்ற காற்று என்று எழுதியிருக்கிறீர்கள். கூட வேலை செய்கிறவர்கள் "புதுசா வந்திருக்கீங்க, குளிர் பழகிடும்" என்று சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் எனக்கும் இதையேதான் சொன்னார்கள், நானும் நம்பினேன். நல்ல நிலையில் இருக்கும் கார், வெளியே மைனஸ் 20 டிகிரி இருந்தாலும், 15, 20 நிமிட ஓட்டத்துக்குள் கையுறையைக் கழற்றும் அளவுக்காவது சூடு தர வேண்டும். தரவில்லை என்றால் காரில் ஏதோ கோளாறு.

பெட்ரோல் காரில் ஹீட்டருக்கென்று தனியாக அடுப்பு கிடையாது. எஞ்சினைக் குளிர்விக்க அதைச் சுற்றி ஓடிச் சூடாகும் திரவம்தான் கூலன்ட். அதில் ஒரு பங்கு, டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு சின்ன ரேடியேட்டருக்குள் போய்த் திரும்புகிறது. அதை ஹீட்டர் கோர் என்பார்கள். அதன் வழியாக விசிறி ஊதும் காற்றுதான் நம் மேல் படுகிறது. கூலன்ட் குறைந்தால் அந்த இடத்தில் காற்று புகுந்து அடைத்துக்கொள்ளும். எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது பம்ப் எப்படியோ தள்ளிவிடும், சூடு வரும். நின்றதும் ஓட்டம் தளர்ந்து காற்று ஆறிவிடும். நீங்கள் சொல்லும் அறிகுறி அப்படியே இதுதான். வாட்டர் பம்ப் தேய்ந்திருந்தாலும் இப்படி ஆகலாம், ஆனால் முதலில் பார்க்க வேண்டியது கூலன்ட் அளவு.

அதை எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது மட்டும் பாருங்கள். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் அடிக்கும். பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் டப்பாவில் இரண்டு கோடுகள் இருக்கும், அளவு அவற்றுக்கு நடுவே நிற்க வேண்டும். குறைந்திருந்தால் ஊற்றிவிட்டு மறந்துவிடாதீர்கள். மூடிய சுற்றில் ஓடுவது தானாகக் குறையாது, எங்கேயோ போகிறது. முன்சீட்டுக் காலடி விரிப்பு ஈரமாக இருக்கிறதா, காருக்குள் இனிப்பான வாடை அடிக்கிறதா, கண்ணாடியின் உட்புறம் பிசுபிசுப்பாகப் படிகிறதா என்று பாருங்கள். இருந்தால் ஹீட்டர் கோர் கசிகிறது. கீழே சிந்தியதை உடனே துடைத்துவிடுங்கள். ருசி இனிப்பு, ஆனால் விஷம். குழந்தைகளும் நாய் பூனைகளும் வாயில் வைத்துவிடும்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. என் முதல் காரிலும் இலையுதிர் காலத்திலேயே சூடு குறைந்திருந்தது. முன்னாலேயே வந்து குடியேறிய ஒருவர் "தண்ணி ஊத்துங்க, போதும்" என்றார். வெயில் ஊரில் வளர்ந்த எனக்கு அதில் தவறு தெரியவில்லை. இரண்டு முறை வெறும் தண்ணீர் ஊற்றினேன். மைனஸ் 22 டிகிரி காலை ஒன்றில், அதிகாலை ஷிப்டுக்குப் போகும் வழியில் ஹீட்டர் பனிக்காற்றாக ஊதியது, ஆனால் வெப்பமானி முள் சிவப்பில் நின்றது. வெளியே உறைகிற குளிரில் எஞ்சின் எப்படிக் கொதிக்கும், முள்தான் கெட்டுப்போயிருக்கும் என்று எண்ணி இன்னும் 6 கிலோமீட்டர் ஓட்டினேன். ரேடியேட்டருக்குள் தண்ணீர் உறைந்து ஓட்டமே நின்றிருந்தது. எஞ்சினின் மேல்பகுதியை இறுக்கி மூடும் ஹெட் கேஸ்கெட் போனது, அதோடு அந்தக் காரும் போனது. ஹீட்டர் குளிர்ந்து முள் ஏறினால் அந்த இடத்திலேயே ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள். தாமதமானதற்கு மேலாளர் திட்டினால் திட்டட்டும்.

கூலன்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் சுமார் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. கெட்டியாக அப்படியே ஊற்றினால் இன்னும் நல்லது என்று சிலர் சொல்வார்கள், அதுவும் தவறு. கூலன்டில் பெரும்பாலும் இருக்கும் எத்திலீன் கிளைக்கால், தண்ணீர் கலக்காவிட்டால் மைனஸ் 13 டிகிரியிலேயே உறைந்துவிடும். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். காரோடு வந்த கையேட்டில் எந்த வகை என்று எழுதியிருக்கும்.

அளவு சரியாக இருந்தால் அடுத்தது தெர்மோஸ்டாட், அதாவது எஞ்சின் சூடாகும் வரை கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் தடுக்கும் வால்வு. அது திறந்தபடியே சிக்கிக்கொண்டால் நெடுஞ்சாலையில் போகப் போக முள் கீழே இறங்கும், எஞ்சின் சூடே ஆகாது. விலை குறைந்த பாகம். என் இரண்டாவது காரில் இதைப் பார்க்காமலேயே ஒரு பட்டறையில் டேஷ்போர்டு முழுவதையும் கழற்றி ஹீட்டர் கோரை மாற்றினார்கள். இரண்டு வாரச் சம்பளம் போனது, சூடு வரவில்லை. அப்புறம் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் பானெட்டைத் திறந்து, காருக்குள் நுழையும் இரண்டு ஹீட்டர் குழாய்களை நான் தொட்டுப் பார்க்கும்படி சொன்னார். இரண்டும் நல்ல சூடு என்றால் கோளாறு காற்றுப் பக்கம்: அழுக்கு அடைத்த கேபின் ஃபில்டர், அல்லது சூட்டையும் குளிரையும் கலக்கும் உள்கதவு. ஒன்று சூடு, மற்றது ஆறியிருக்கிறது என்றால் ஹீட்டர் கோரில் அடைப்போ காற்றோ இருக்கிறது. இரண்டும் வெதுவெதுப்பு என்றால் தெர்மோஸ்டாட்டையும் கூலன்டையும் பார்க்க வேண்டும். எனக்கு இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தன. அன்றிலிருந்து எந்தப் பட்டறைக்குப் போனாலும் குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறேன். சுழலும் பெல்ட் பக்கம் மட்டும் கையோ சால்வையோ போகக்கூடாது.

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது. சூடு வரட்டும் என்று மூடிய கேரேஜுக்குள் எஞ்சினை ஓடவிடுவதை நம்மவர்களில் சிலர் ஒரு சாமர்த்தியமாகவே சொல்லிக் கொடுக்கிறார்கள். செய்யாதீர்கள், கதவு பாதி திறந்திருந்தாலும் வேண்டாம். பனி கொட்டிய காலையில் முதலில் புகைக்குழாயின் வாயைச் சுற்றி அள்ளிவிட்டுப் பிறகு எஞ்சினைத் தொடங்குங்கள். அடைத்திருந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு உள்ளே வரும். வாடையே இருக்காது, தலை சுற்றும்போதுதான் தெரியும். நான் வந்த புதிதில் அரை மணி நேரம் காருக்குள் உட்கார்ந்தபடி, புகைக்குழாய் பனியில் புதைந்திருப்பதே தெரியாமல், அம்மாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். காற்று வீசியதால் தப்பித்தேன் என்று இப்போது நினைக்கிறேன்.

எந்தக் கார் வாங்கலாம், எந்த டயர் நல்லது என்றெல்லாம் கேட்டிருந்தீர்கள். அதைப் பிறகு பேசலாம், இந்தக் காரே சரியாகிவிடலாம். நாளைக் காலை எஞ்சினைத் தொடங்குவதற்கு முன் டார்ச் எடுத்துப் போய், அந்த டப்பாவில் அளவு எங்கே நிற்கிறது என்று படம் எடுத்து அனுப்புங்கள்.